ஆரணியின் துவக்குக்கு ஒரு கண்ணாடி

1

என் மகளுக்குத் துவக்குக் கிடைத்துவிட்டது.

இந்த வசனத்தை முப்பது வருடங்களுக்கு முன்னர் ஊரிலிருந்து யாராவது எனக்கு எழுதியிருந்தால், மீதிக் கடிதத்தை வாசிக்காமலே அழத் தொடங்கியிருப்பேன். இப்போது மொன்றியலில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைதூரத்தில் இருந்துகொண்டு நானே அதை எழுதுகிறேன். ஒருவரும் அழவில்லை. மனைவி சுகந்தி மட்டும் அரைநாள் பேசாமல் இருந்தாள். அதுவும் துவக்கை வீட்டில் எங்கே வைப்பது என்ற விஷயத்தில்தான்.

மகள் ஆரணிக்கு வயது பத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். அவளுடைய சிநேகிதி மோட் என்ற பெண்ணின் குடும்பம், இங்கிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், காட்டோரமாக இருக்கிறது. மோட்டுக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். அதனால் முழங்கால் தேய்ந்து வேட்டையை விட்டுவிட்ட மோட்டின் தாத்தா, தன் துவக்கை, விடுமுறைக்கு வந்து வந்து காடு பழகிய எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளவேண்டிய பழைய துவக்கு. தாத்தா வெறும் கண்ணால் குறிபார்த்தவர். ஆரணிக்கு அதன் மேலே பூட்ட ஒரு ஸ்கோப், தூரத்தைக் கிட்டக் காட்டும் கண்ணாடி, தேவைப்பட்டது.

"அப்பா, உங்களுக்குத்தானே லென்ஸ் தெரியும். நீங்களே பாத்து எடுத்துத் தாங்கோ" என்றாள், சாப்பாட்டு மேசையில், போனைப் பார்த்தபடி.

நான் இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்க்கிற ஒரு வேலைத்தலத்தில் இருக்கிறேன். இதுவரையில் என் மகள் அந்த வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி, அங்கே கார் தரிக்க இடம் இருக்கிறதா என்பதுதான். கடந்த இரண்டு வருடங்களில் அவள் என்னிடம் கேட்டு வாங்கியவை: கார்த் திறப்பு, வைஃபை கடவுச்சொல், கொஞ்சம் அமைதி. அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் சொன்னாள். கார்த்திகையில் மான் வேட்டை தொடங்கும். காட்டுக்குள் மானுக்குக் காவலிருக்கும் பலகைப் பெட்டிக்குள் இரண்டு பேர் இருக்கலாம். ஒன்று அவள். மற்றது மோட்டின் தகப்பன் ரெஜான், அல்லது நான்.

"உங்களுக்கு விருப்பமெண்டா" என்றாள்.

ஆகவே, ஸ்கோப்பைப் பற்றி எழுதுவதாகப் பாசாங்கு செய்தாலும், நான் எழுதப்போவது அந்த இரண்டாவது இருக்கையைப் பற்றித்தான்.

2

கனடாவில் துவக்கு வைத்திருக்க அனுமதி எடுப்பது, துவக்குகள் மலிந்த நாட்டிலிருந்து கனடாவுக்குள் வர அனுமதி எடுப்பதைவிடச் சற்றே இலகுவானது. வகுப்பு, சோதனை, படிவம். அண்மையில் காதல் முறிந்ததா, வேலை போனதா, மனம் சோர்ந்ததா என்றெல்லாம் படிவம் விசாரிக்கிறது. ஆரணி எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டாள். என்னைக் கேட்டிருந்தால் மேலதிகத் தாள் இணைத்திருப்பேன்.

அவளைத் தெரிந்த இருவர் ஒப்பமிட வேண்டும். ஒருவர் அவளுடைய பழைய ஆசிரியை. மற்றவருக்காக வில்லரேயில் இருக்கும் குகன் அண்ணையிடம் போனோம். கலியாண மேடை அலங்காரம் செய்பவர். மொன்றியலில் எங்கள் ஆட்களின் பாதிப்பேருடைய படிவங்களில் அவருடைய கையெழுத்து இருக்கும். பேனையைக் கையில் எடுத்துவிட்டுப் படிவத்தை வாசித்தார். பிறகு பேனையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு மேடை போட்டவன் நான். அதே பிள்ளைக்குத் துவக்குக்கும் நானோ கையெழுத்து வைக்கிறது?"

"மானுக்குத்தான் அண்ணை."

"முதல்ல எல்லாரும் ஏதோ ஒண்டுக்குத்தான் எண்டு சொல்லித்தான் எடுத்தவங்கள்."

ஆரணிக்கு விளங்கவில்லை, எங்களுக்கு நன்றாக விளங்கியது. தேத்தண்ணி ஆறும்வரைக்கும் இருந்துவிட்டு அவர் கையெழுத்து வைத்தார். இரண்டு மாதம் கழித்து அவருக்கு அதிகாரி ஒருவர் போன் எடுத்தாராம்.

"பிள்ளை கோவக்காரியோ எண்டு கேட்டாங்கள்" என்றார் குகன் அண்ணை. "தேப்பனை விடத் திறம் எண்டு சொல்லிப்போட்டன்."

சட்டப்படி துவக்கைப் பூட்டி வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் பூட்டு உள்ள அலுமாரி ஒன்றே ஒன்று. அதற்குள் சுகந்தியின் கூறைச்சேலை.

"இஞ்சேருங்கோ, கூறைக்குப் பக்கத்தில துவக்கோ?"

"பூட்டு அதிலதானே இருக்கு."

அரைநாள் மௌனம் என்று மேலே சொன்னது இதைத்தான். மாலையில் கூறைச்சேலையை எடுத்து ஒரு சூட்கேஸுக்குள் வைத்து, சூட்கேஸைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அலுமாரியின் திறப்பை ஆரணியின் கையில் வைத்தாள்.

3

ஸ்கோப்பைப் பற்றி என் முன் அனுபவத்தையும் பதிவுசெய்ய வேண்டும்.

ஊரில் சண்டை நடந்த காலம், எனக்கும் அப்போது பத்தொன்பது வயது. எங்கள் பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போக, சைக்கிளை விட்டு இறங்கி, இருநூறு யார் தூரம் உருட்டிக்கொண்டு நடக்கவேண்டிய ஒரு வெளி இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. தாங்கிக்கு மேல் இராணுவத்தின் மண்மூட்டைகள். வெளியின் நடுவில் வரும்போது மூட்டைகளுக்கு இடையில் ஏதோ ஒன்று காலை வெயிலில் ஒரு தரம் பளிச்சிட்டது. பின்னால் வந்தவர், வாயைத் திறக்காமல், "தம்பி, கண்ணாடியால பாக்கிறான், நேர நட" என்றார்.

அப்போது என் மூக்கில் ஒரு இலையான் பறந்து வந்து இருந்தது. கை இரண்டும் சைக்கிள் கைபிடியில் இருக்கவேண்டும், உயர்த்தக்கூடாது. எந்த அவசரமும் இல்லாமல், அனுமதிப் பத்திரமும் இல்லாமல், அந்த இலையான் என் மூக்கிலிருந்தபடியே மற்றப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் சுடவில்லை. இதைக் கதையென்று யாருக்கும் சொன்னதில்லை. ஆரணிக்கும் சொன்னதில்லை. ஆனால் வேலைத்தலத்தில் கண்ணாடியில் ஒளி தெறிக்காமல் இருக்கப் பூச்சுப் பூசுகிற இயந்திரத்துக்கு முன்னால் நின்று வேலை செய்கிறபோது, சில நாட்களில் எனக்கு மூக்கு அரிக்கும்.

4

கடை புரோசார்டில். வேட்டை, மீன்பிடி, கூடாரம் என்று எல்லாம் விற்கிற பெரிய கடை. தாடி வைத்த ஒரு பெடியன், "போன்ஜூர்" என்று வந்தான். பத்துப் பேருக்கு முன்னால் என் பிரெஞ்சைக் காட்டும் சந்தர்ப்பத்தை நான் விடுவதில்லை. இது என் மகள், முதல் தடவையாக வேட்டைக்குப் போகிறாள் என்று ஒழுங்காகத் தொடங்கி, மானுக்கான சொல் சமயத்தில் வராமல், ஆட்டுக்கான சொல்லைப் போட்டு முடித்தேன்.

பெடியன் மரியாதையானவன். "ஆட்டுக்கு ஸ்கோப் தேவைப்படாது ஐயா" என்றான். ஆரணி இரண்டடி தள்ளிப்போய் நின்றாள். பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று இங்கே கூட்டம் வைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பெரும்பாலும் இரண்டடிதான்.

அவன் துவக்கின் விபரத்தைக் கேட்டான், எந்தப் பக்கத்துக் காடு என்று கேட்டான். பிறகு கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்கோப்பை எடுத்து வைத்தான். இரண்டு மடங்கிலிருந்து ஏழு மடங்குவரை பெரிதாக்கும். அந்தக் காடு அடர்ந்தது, மான் முப்பது, நாற்பது மீற்றரில்தான் தெரியும், அவளுக்கு இது போதும் என்றான்.

போதும். இந்தச் சொல்லை இந்த நாட்டில் நான் கனதரம் கேட்டிருக்கிறேன். உனக்கு இந்த வேலை போதும், உன் பிள்ளைக்கு இந்த வகுப்புப் போதும்.

"மேல்தட்டில இருக்கிறதைக் காட்டச் சொல்லு" என்றேன்.

"அப்பா, இது காணுமெண்டு சொல்லுறார்."

"அவன் எங்கட முகத்தைப் பாத்திட்டுச் சொல்லுறான்."

"அவர் என்ர துவக்கின்ர பேரைக் கேட்டிட்டுச் சொன்னவர் அப்பா."

மேல்தட்டு இறங்கியது. ஆறு மடங்கிலிருந்து இருபத்திநாலு மடங்கு. என் முன்னங்கை நீளம். கண்ணாடியைக் கூரை விளக்குக்குச் சரித்துப் பார்த்தேன். தெறிப்பு இல்லை. மெல்லிய ஊதா நிறம் மட்டும் ஒரு ஓரத்தில் வழுகிப் போனது. இப்படி ஒரு பூச்சை எங்கள் வேலைத்தலத்தில் ஒருநாளும் கண்டதில்லை. வாசல் கண்ணாடிக்குள்ளால் கார்த் தரிப்பிடத்தைப் பார்த்தேன். ஆகத் தூரத்தில் நின்ற காரின் இலக்கத் தகட்டில், 'எனக்கு நினைவிருக்கிறது' என்று இந்த மாகாணம் எல்லாக் கார்களிலும் எழுதிவைத்திருக்கும் வாசகம், அதில் ஒரு எழுத்தின் ஓரத்தில் பிடித்திருந்த துருவோடு தெரிந்தது.

"இதுதான்" என்றேன்.

"இவ்வளவு பெரிசோ?"

"வளர்ற பிள்ளை. பேந்தும் உதவும்."

எங்கள் ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பள்ளிக்கூடச் சட்டையை இரண்டு அளவு பெரிதாகத் தைத்து, கீழே மடித்து, வருடத்துக்கு வருடம் மடிப்பை அவிழ்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆரணிக்கு வாங்கிய முதல் பனிச்சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்து அனுப்பியவன் நான். மடிப்பை அவிழ்க்க முடியாத பொருளும் உலகில் இருக்கிறது என்பது என் யோசனைக்கு வரவில்லை. பத்தொன்பது வயதுக்காரி இன்னும் எவ்வளவுதான் வளர்வாள் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள்.

5

ஐப்பசி முடிவில், மோட்டின் வீட்டுக்குப் பின்னால் கல் உடைத்துப் பள்ளமான பழைய கல்லுக்கிடங்கில் துவக்கைச் சரிபார்த்தோம். ரெஜான் அதிகம் பேசாத மனிதர். ஸ்கோப்பைப் பார்த்துவிட்டு, "சந்திரனிலும் மான் இருக்கிறதாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆரணி மேசையில் துவக்கைக் கிடத்தி, மணல் பையில் முண்டுகொடுத்து, நூறு மீற்றருக்கு அப்பால் இருந்த கடதாசியில் மூன்று வெடி வைத்தாள். மூன்று ஓட்டையையும் என் பெருவிரலால் மறைக்கலாம். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆறாம் வகுப்புக்குப் பிறகு நான் பார்க்காத சிரிப்பு.

"நல்ல கண்ணாடி" என்றார் ரெஜான். "காட்டுக்குள் மேசையையும் தூக்கிக்கொண்டு போகலாம்."

எரிச்சலில் சொல்கிறார் என்று நினைத்தேன். பெட்டியின் இரண்டாவது இருக்கை அவருக்கில்லாமல் எனக்குக் கிடைத்துவிட்டதல்லவா.

6

முதல் சனிக்கிழமை, விடியும்போது, நானும் மகளும் செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் பலகையால் அடித்த பெட்டிக்குள் ஏறி இருந்தோம். சுகந்தி புட்டும் சம்பலும் கட்டித் தந்திருந்தாள். மானுக்கு அரை மைலுக்கு அப்பாலும் மணக்கும் என்று ரெஜான் அதைக் காருக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குண்டு போடுமுன், கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது என்று துவக்கை வாங்கி, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் துணியால் துடைத்தேன். துடைத்த கண்ணாடியைப் பரீட்சித்துப் பார்க்காமல் கொடுப்பது எங்கள் தொழிலில் இல்லை. பெரிதாக்கும் வளையத்தைக் கடைசிவரை திருப்பி, தூரத்து மரமொன்றின் பட்டையைப் பார்த்தேன். அற்புதம். துவக்கை அவளிடம் கொடுத்தேன். வளையத்தைத் திருப்பி வைக்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. குளிர் சப்பாத்துக்குள்ளால் ஏறியது. நான் ஐந்து தரம் மணி பார்த்தேன், ஆரணி என்னை ஆறு தரம் பார்த்தாள்.

பிறகு மான் வந்தது. நடந்து வந்ததை நான் காணவில்லை. இல்லாத இடத்தில் திடீரென்று நின்றது. முப்பது அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம். இரண்டு கொம்பு. வாயில் ஏதோ சருகு.

ஆரணி துவக்கை உயர்த்தினாள். உயர்த்தியபடியே இருந்தாள். துவக்கின் நுனி கொஞ்சம் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது.

"அப்பா" என்றாள், மூச்சளவில். "எங்க?"

"நேர."

"மயிர்தான் தெரியுது. இப்ப மரம். இப்ப ஒண்டுமில்லை."

எனக்கு உடனே விளங்கியது. இருபத்திநாலு மடங்கில் அந்தத் தூரத்து மான் மான் அல்ல, கபில நிறச் சுவர். 'வளையத்தைத் திருப்பு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வாய்க்குள் அது இருந்தது. மான் தலையை உயர்த்தி எங்கள் பெட்டியைப் பார்த்தது. அதன் காது இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. அது அசையாமல் நின்ற நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு. நான் சொல்லவில்லை.

பிறகு அது இருந்த இடத்தில் மரங்கள் மட்டும் இருந்தன.

ஆரணி துவக்கை இறக்கி, குண்டைக் கழற்றி, படிப்பித்த ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் செய்தாள். பிறகு வளையத்தைப் பார்த்தாள்.

"இருவத்திநாலில நிக்குது. ஆர் திருப்பினது?"

"நான்தான். துடைக்கேக்க."

"வேணுமெண்டோ?"

"திருப்பினது வேணுமெண்டு இல்லை."

அவள் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புத் தாயிடமிருந்து வந்தது.

"பேந்து தெரிஞ்சுகொண்டும் சொல்லாமல் இருந்தது வேணுமெண்டுதான்" என்றேன்.

7

திரும்பிவந்த இரண்டு மணித்தியாலமும் அவள்தான் கார் ஓட்டினாள். பாதி வழியில் நான் தண்ணீர்த் தாங்கியைப் பற்றிச் சொன்னேன். மோசமாகச் சொன்னேன். அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் போகாது, என்னுடைய பிரெஞ்சு ஆட்டுக்கு மேல் போகாது, இடையில் ஆங்கிலத்தைப் போட்டுக் கட்டினேன். இலையானைச் சொன்னபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்த ஆள் சுடேல்லை" என்றாள்.

"இல்லை."

"அப்ப அவர் உங்களை நல்லா வடிவாப் பாத்திருக்கிறார்."

முப்பது வருடத்தில் எனக்கு இந்தப் பக்கமாக யோசிக்கத் தோன்றியதே இல்லை. அவன் பார்த்ததை மட்டும்தான் நான் காவிக்கொண்டு திரிந்தேன். பார்த்துவிட்டுச் சுடாமல் விட்டதை அந்த வெளியிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"எனக்கும் வடிவாப் பாக்கோணும் அப்பா" என்றாள் ஆரணி. "பாத்திட்டுத்தான் சுடுறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கோணும். அதுக்குத்தான் உங்களிட்டக் கேட்டனான்."

திங்கட்கிழமை அவள் தனியாகக் கடைக்குப் போய், பெரியதைக் கொடுத்துச் சின்னதை வாங்கிவந்தாள். என்னைக் கேட்கவில்லை, காட்டவும் இல்லை. வகுப்பு இல்லாத ஒரு நாள் போய், ரெஜானின் கல்லுக்கிடங்கில் சரிபார்த்தாள். வெள்ளிக்கிழமை பையை அடுக்கினாள். யார் பெட்டிக்குள் இருக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

சனிக்கிழமை காலை நான் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பது பிழை. சருகு இல்லாத முற்றத்தை வாரினேன். இன்னும் விழாத பனியை அள்ளச் சவளைத் தேடி எடுத்து வைத்தேன். குசினிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன்.

"இஞ்சேருங்கோ, கம்பளம் தேஞ்சு போச்சு" என்றாள் சுகந்தி. "ஒரு இடத்தில இருங்கோவன்."

"இருக்கத் தெரிஞ்சிருந்தா இண்டைக்கு அங்க இருந்திருப்பன்."

பதினொரு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா. விழுத்திட்டன்."

"ஓம்."

"ஒரு வெடிதான். ஓடேல்லை."

"வடிவாப் பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"கனநேரம் பாத்தனான். அதுவும் என்னைப் பாத்தது. அப்பா, கொஞ்சம் அழுதிட்டன். மோட்டின்ர அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"அவர் பக்கத்தில இல்லையோ?"

"அவர் அங்கால மேட்டில. பெட்டிக்குள்ள நான் தனியத்தான் இருந்தனான்." பிறகு, கார்த் திறப்புக் கேட்கிற அதே குரலில், "வாறீங்களோ? இழுக்கவேணும். பாரம்."

சுகந்தி குளியலறை கழுவுகிற றப்பர்க் கையுறையையும் ஒரு பழைய படுக்கை விரிப்பையும் கொண்டுவந்து கையில் தந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரெஜான் காட்டின் வாசலில் நின்று, கையால் திசையைக் காட்டிவிட்டு, தான் வராமல் அங்கேயே நின்றுகொண்டார். வயிற்றைத் துப்புரவாக்கும் வேலையை அவர் சொல்லச் சொல்ல ஆரணியே செய்து முடித்திருந்தாள். துவக்கு வாய் திறந்தபடி, குண்டு இல்லாமல், ஒரு மரத்தில் சாய்ந்திருந்தது. அவள் சருகுக்கு மேல் இருந்தாள். ஒரு கை மானின் கழுத்தில். நான் வருவதைக் கண்டு கையை எடுக்கவில்லை. கொஞ்சம் அரக்கி, எனக்கு இடம் விட்டு இருந்தாள்.

நான் பக்கத்தில் இருந்தேன். அசையாமல் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை, மணி பார்க்கவில்லை. பிறகு ஆளுக்கொரு கொம்பைப் பிடித்து இழுத்தோம். பாரமாகத்தான் இருந்தது.